முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: உளவியல் ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உளவியல் ஆலோசகர்களுக்கும், குடிநோயாளிகளின் பிள்ளைகளுக்காகச் சுய உதவிக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

குடிநோய் உள்ள வீட்டில் வளர்ந்து ஆளானவர்கள் உங்களைத் தேடி வரும்போது, உங்களில் பலர் முதல் சந்திப்பிலோ இரண்டாவதிலோ ஒரு தாளை எடுத்து நீட்டுகிறீர்கள். அதில் பதின்மூன்றோ பதினான்கோ வரிகள் இருக்கும். தன்னைத்தானே கடுமையாக எடைபோடுகிறவர். எது இயல்பு என்று தெரியாமல் ஊகித்தே வாழ்கிறவர். பிறர் மெச்ச வேண்டும் என்று ஏங்குகிறவர். தன் கையை மீறி ஏதாவது மாறினால் பதறிப்போகிறவர். தகுதியில்லாதவரிடமும் விசுவாசத்தைக் கைவிடாதவர். நாங்கள் படித்து முடித்ததும், "இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்துகின்றன?" என்று கேட்கிறீர்கள். இந்த மடல் அந்தத் தாளையும் அந்தக் கேள்வியையும் பற்றியது.

அந்தத் தாளுக்கு உரிய மரியாதையை முதலில் செய்துவிடுகிறேன். அதைப் படிக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குவது உண்மை. எனக்கும் இறங்கியது. குடிக்கிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு, தன் வீட்டில் நடப்பது வேறெந்த வீட்டிலும் நடக்காது என்றுதான் தோன்றும். வெளியே சொல்லக்கூடாது என்று யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. அம்மா சன்னலைச் சாத்துகிற வேகத்திலேயே அது புரிந்துவிடும். அப்படி வாய் திறக்காமலே வளர்ந்துவிட்ட ஒருவரிடம், முன்பின் தெரியாத யாரோ எழுதிய வரிகள் வந்து "இது நீதானே?" என்று கேட்டால், அழாமல் என்ன செய்வார்? அந்த அழுகையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஆறுதல் எதனால் வந்தது? எனக்கு இன்னின்ன குணங்கள் உள்ளன என்று தெரிந்ததாலா, எங்கள் வீட்டைப் போல வேறு வீடுகளும் உண்டு என்று தெரிந்ததாலா? இரண்டாவதுதான் என்று அடித்துச் சொல்வேன். நீங்களோ முதலாவது என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு சிகிச்சையையே எழுப்பிவிடுகிறீர்கள்.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1935இல் அமெரிக்காவில், குடியை விட விரும்புகிறவர்களின் சுய உதவி அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியது. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951இல் அல்-அனான் வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக 1957இல் அலட்டீன் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் வயது ஏறத்தானே செய்யும்? வளர்ந்த பிறகு சிலர் நியூயார்க்கில் தனியாகக் கூட ஆரம்பித்தார்கள். 1978இல் அங்கே டோனி ஏ. என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர், தன்னிடமும் தன்னைப் போன்றவர்களிடமும் கண்ட பதினான்கு இயல்புகளை எழுதிவந்து வாசித்தார். பிறகு 1983இல் ஜேனட் வொய்டிட்ஸ் என்ற ஆலோசகர், தம்மிடம் வந்தவர்களின் பேச்சிலிருந்து தொகுத்த பதின்மூன்று இயல்புகளை நூலாக வெளியிட்டார். அது பல லட்சம் பிரதிகள் விற்றது.

இந்த வரலாற்றில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மனம் திறந்து பேசியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள எழுதிக்கொண்ட தாள் அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. ஆனால் எங்களையும், குடி எட்டிப்பார்க்காத வீட்டில் வளர்ந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து எழுதப்பட்ட தாள் அல்ல அது. வொய்டிட்ஸே தம் நூலின் பிந்தைய பதிப்பில், குடியில்லாமல் வேறு வகையில் குலைந்த குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கும் இவை பொருந்துகின்றன என்று எழுதினார். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டில் "குடிநோயாளியின் வளர்ந்த பிள்ளை" என்று ஒரு நோய் கிடையாது. குழுவில் கைமாறிய தாள் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தபோது மருத்துவத்தின் கௌரவமும் அதில் ஒட்டிக்கொண்டது. உங்கள் சான்றிதழ் மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு அது பரிசோதனைக்கூட அறிக்கை போலத்தான் தெரியும்.

"அப்படியானாலும் பொருந்துகிறதே" என்பீர்கள். பொருந்தும். பொருந்தாமல் எப்படி இருக்கும்? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். சில நாட்கள் கழித்து ஒவ்வொருவரிடமும் அவரவர் ஆளுமையின் குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. எல்லோருக்கும் தரப்பட்டது ஒரே தாள். அதன் வரிகளில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. "பிறர் உங்களை விரும்ப வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உங்களை நீங்களே விமர்சித்துக்கொள்கிறீர்கள்" என்ற ரகம். யாருக்குத்தான் அது பொருந்தாது? பின்னாளில் இதற்குப் பார்னம் விளைவு என்று பெயர் வந்தது. உங்கள் பாடப் புத்தகத்திலேயே இது இருக்கிறது.

உங்களில் எத்தனை பேர் இதற்கு அடுத்த படியைப் படித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. 1992இல் கென்னத் ஷெர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதே சோதனையை எங்கள் பட்டியலை வைத்துச் செய்தார்கள். குடிநோயாளிகளின் பிள்ளைகளுக்கென்று சொல்லப்படும் குணங்களை, அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களிடமும் வளராதவர்களிடமும் கொடுத்தார்கள். இரு தரப்பாரும் "ஆமாம், இது நான்தான்" என்றார்கள்.

வொய்டிட்ஸின் பட்டியலில் ஒரு வரி உண்டு. இவர்கள் அளவுக்கு மீறிய பொறுப்புள்ளவர்கள் அல்லது அளவுக்கு மீறிப் பொறுப்பில்லாதவர்கள் என்கிறது அது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது என்று சொல்கிற வானிலை அறிக்கைக்கு எப்படித் தவறு நேரும்? இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. யாராவது "எனக்கு இவை பொருந்தவில்லை" என்று சொன்னால், உங்களில் சிலர் தலையை ஆட்டிக்கொண்டு "மறுப்பு நிலையில் இருக்கிறார்" என்று குறிப்பெழுதுகிறீர்கள். பொருந்தினாலும் அவர் அந்த வகை. பொருந்தாவிட்டால் இன்னும் ஆழமாக அந்த வகை. வெளியேறும் கதவே இல்லாத அறைக்குள் எங்களை ஏன் கூப்பிடுகிறீர்கள்?

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீடுகள் எங்களைப் பாதிக்கவில்லை என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாதித்தது. அந்தத் தாள் அந்தப் பாதிப்பை எடுத்துக் காட்டுவதில்லை என்பதுதான் என் வாதம். எல்லோருக்கும் பொருந்துகிற சட்டையைப் போட்டுவிட்டு, உடம்பின் அளவு தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

பெயர் சூட்டுவதால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். முதலில் உங்கள் பார்வையே கெட்டுப்போகிறது. ஷெரும் அவருடைய சக ஆய்வாளர் பர்க்கும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பதின்வயதினரின் பேட்டிகளை வீடியோவில் மனநலத் துறையினருக்குக் காட்டினார்கள். அந்தப் பிள்ளை குடிநோயாளியின் பிள்ளை என்று சொல்லப்பட்டபோது, மதிப்பீடுகள் மோசமாயின. பிள்ளை நன்றாகப் படித்துத் தேர்ந்து முன்னேறுகிறவனாகக் காட்டப்பட்டாலும் அந்தப் பெயரின் நிழல் விழுந்தது. சக மாணவர்கள் அப்படிப் பார்த்தால் விவரமறியாத வயது என்று விட்டுவிடலாம். படித்துப் பட்டம் பெற்றவர்கள் பார்த்தால்?

அடுத்து, எங்கள் பார்வையும் கெட்டுப்போகிறது. தாளைப் படித்த பிறகு சில காலம் என்னிடம் நடந்த எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. தூக்கமில்லாமல் எரிந்து விழுந்தால் அதற்கும் அப்பாவின் குடிதான் காரணம். அலுவலகத்தில் மேலாளர் நியாயமில்லாமல் நடந்துகொண்டு எனக்குக் கோபம் வந்தால், "அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்டால் எனக்கு இப்படித்தான்" என்று கோபத்தை விழுங்கிக்கொண்டேன். கோபம் நியாயமானது, ஆனால் அதை ஒரு குணக்கோளாறாக நானே பதிவு செய்துகொண்டேன். இன்னொரு பக்கம், வீட்டில் ஏதாவது சொல்லப்பட்டால், "நான் அப்படித்தான், நான் வளர்ந்த விதம் அப்படி" என்று பேச்சை முடித்துவைக்கவும் அது வசதியாக இருந்தது. ஒரே பெயர், ஒரே நாளில், என்னைக் குற்றவாளியாகவும் ஆக்கியது, எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்தும் விட்டது. கணவர் ஒருமுறை, "உன்னோடு பேசினால் நீ பதில் சொல்வாய்; அந்தத் தாளோடு பேசினால் அது என்ன பதில் சொல்லும்?" என்று கேட்டார். அன்று எனக்கு அது கொடுமையான பேச்சாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் மூவர். எனக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. குடிக்கிற வீட்டில் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக ஏற்பவை என்று 1980களில் ஷாரன் வெக்ஷைடர்-க்ரூஸ் பரப்பிய பாத்திரங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். குடும்பத்தின் நாயகன், பலியாடு, தொலைந்த குழந்தை, கோமாளி. எங்கள் கதையைக் கேட்ட ஆலோசகர் ஒருவர் சட்டென்று ஆளுக்கு ஒரு வேடத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அண்ணன் நாயகன். நான் தொலைந்த குழந்தை. தங்கை கோமாளி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனதற்குக் காரணம் நாயகனாக வேண்டும் என்ற மன அமைப்பு அல்ல. வாடகை கட்ட வேண்டியிருந்தது. மூவரில் மூத்தவர் அவர். அதற்கு வேடப்பெயர் வைத்த நொடியில் அவர் செய்த தியாகம் அவருடைய தேவையாக மாறிவிடுகிறது. அடுத்த சந்திப்பில் அது "எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் துடிக்கும் குணம்" ஆகிறது. தங்கை நகைச்சுவையாகப் பேசுவாள். எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான் பேசுவார். அவர் வீட்டில் யாரும் குடித்ததில்லை. நான் அமைதியானவள் என்பது உண்மை. எனக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதும் உண்மை. அதை அந்த ஆலோசகர் கேட்கவே இல்லை.

மூவரும் ஒரே வீட்டில் வளர்ந்தோம் என்பதுகூட முழு உண்மை அல்ல. அண்ணனின் சிறுவயதில் அப்பா அளவாகக் குடித்தார், அவருடன் விளையாடினார், கணக்குச் சொல்லிக்கொடுத்தார். என் காலத்தில்தான் குடி முற்றியது. தங்கைக்கு நினைவு தெரிந்த வயதில் அப்பா சிகிச்சை பெற்று, விட்டு, மறுபடி தொடங்கி, மறுபடி விட்டு என்று போய்க்கொண்டிருந்தார். அவள் கண்டது நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறி மாறி வந்த வீடு. நான் கண்டது ஏமாற்றத்தை எதிர்பார்க்கப் பழகிவிட்ட வீடு. இந்த மூன்று வீடுகளையும் ஒரே தாளில் எப்படி எழுதுவீர்கள்?

சரி, தாளை எடுத்து வைத்துவிட்டால் எங்களிடம் என்னதான் கேட்பது என்று நீங்கள் நினைக்கலாம். குணத்தைக் கேட்காமல் வீட்டைக் கேளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வாசல் கதவு திறக்கிற ஓசையை வைத்தே அப்பா எந்த நிலையில் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாள் ஒரே முயற்சியில் விலகினால் புத்தகத்தைத் தொடர்ந்து படிக்கலாம். இரண்டு மூன்று முறை தட்டுத் தடுமாறினால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தால் தங்கையை எழுப்பிப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். இது நோயா? அந்த வீட்டில் இருந்த மிகத் தெளிவான அறிவு அது. இன்று அதே காது (மந்தம் ஒரு பக்கம்தான்) அலுவலகத்தில் யார் எந்த மனநிலையில் படியேறி வருகிறார் என்று சொல்லிவிடும். சில நாள் அது உதவுகிறது. பல நாள் களைப்பாக இருக்கிறது. இதற்கு "மிகை விழிப்புநிலை" என்று பெயர் வைத்துப் பெட்டியில் ஒரு டிக் அடித்தால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. எப்போது வருகிறது, யார் வரும்போது வருகிறது, வந்ததும் உடனே என்ன செய்கிறீர்கள், செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டால் கிடைக்கும். எனக்கு உதவியவர் ஒரு பட்டியலும் தராதவர். ஒரு வாரம் முழுவதும் அந்தக் காது எந்தெந்த நேரத்தில் கூர்மையாகிறது என்று எழுதிவரச் சொன்னார், அவ்வளவுதான். கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஒரே ஒரு நபருக்குத்தான் அது அப்படித் துள்ளுகிறது என்று தெரிந்தது. அந்த நபரிடம் தட்டிவிட்டு வரச் சொன்னேன். ஆளுமை மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்களைப் பற்றி எழுதியவர்களில் கிளாடியா பிளாக் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. 1981இல் அவர் எழுதியது எங்கள் குணங்களின் கணக்கு அல்ல, வீட்டின் சட்டங்கள். பேசாதே, நம்பாதே, உணராதே. இந்த மூன்றும் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிள்ளை எதன் கீழ் வாழ்ந்தது என்று சொல்கின்றன. சட்டம் என்றால் அதை மாற்றலாம், மீறலாம், அது செல்லாத இடத்துக்குப் போகலாம். குணம் என்றால் எங்கே போனாலும் கூடவே வரும். உங்களுக்கு இது சிறிய வேறுபாடாகத் தெரியலாம். உங்கள் நாற்காலிக்கு எதிரில் இருப்பவருக்கு இதுதான் எல்லாமே.

வீட்டைக் கேட்பதற்கு ஆய்வுகளே வழிகாட்டுகின்றன. 1980இல் ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் ஆகியோரின் குழு, குடிநோய் உள்ள குடும்பங்களில் சேர்ந்து உண்ணும் இரவு உணவு, விசேஷ நாட்கள், விடுமுறைகள் ஆகியவை என்ன ஆயின என்று பார்த்தது. குடி உச்சத்தில் இருந்தபோதும் அந்தப் பழக்கங்களைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்களில், குடிநோய் அடுத்த தலைமுறைக்குக் கடப்பது குறைவாக இருந்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் 49 பேர் குடிநோயாளிகளின் பிள்ளைகள். 18 வயதில் அவர்களில் 41 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. 59 விழுக்காட்டினருக்கு இல்லை. தேறியவர்களின் பின்னணியில் என்ன இருந்தது? கைக்குழந்தைப் பருவத்தில் வளர்ப்பவரின் முழுக் கவனம், நீண்ட பிரிவு இல்லாமை, முதல் இரண்டு ஆண்டுகளில் பெற்றோரிடையே சண்டை இல்லாமை போன்றவை. கூடவே, குழந்தையின் பிறவிச் சுபாவமும்.

எனவே கேளுங்கள். யார் குடித்தார், அப்பாவா அம்மாவா, இருவருமா? எப்போது தொடங்கியது, அப்போது உங்களுக்கு என்ன வயது? தினமுமா, சம்பள நாளிலா? அடி உண்டா? குடிக்காத மாதங்களில் அவர் எப்படிப்பட்டவர்? இரவு உணவு யார் போட்டார்கள்? பள்ளிக்கு யார் வந்தார்கள்? நீங்கள் ஓடிப்போய் உட்கார ஒரு வீடு இருந்ததா? இதில் கடைசிக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெரியம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

இன்னொன்று. குடி தனியாக வருவது அரிது. 1998இல் வெளியான குழந்தைப்பருவத் துன்ப அனுபவங்கள் பற்றிய அமெரிக்க ஆய்வு, வீட்டில் குடி, அடிதடி, பெற்றோர் பிரிவு, மனநோய் போன்றவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருவதைக் காட்டியது. என் பதற்றத்துக்குக் காரணம் பாட்டிலா, பாட்டிலுக்குப் பின் விழுந்த அறையா, அம்மாவின் நீண்ட மனச்சோர்வா? அம்மாவைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. அந்த ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020இல், ஒருவருக்கு இத்தகைய அனுபவங்கள் எத்தனை என்று எண்ணி அதிலிருந்து வந்த மதிப்பெண்ணைத் தனிமனிதர்களின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக்கூடாது என்று எச்சரித்து எழுதினார். பலருடைய சராசரியைப் பேசும் அளவுகோல், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசாது.

இப்போதைய வாழ்க்கையையும் கேளுங்கள். உங்கள் அறையில் எங்கள் அப்பாக்கள் எப்போதும் கடந்த காலத்தில்தான் குடிக்கிறார்கள். என் அப்பா உயிரோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். கல்லீரல் கெட்டிருக்கிறது. அவர் மருத்துவமனையில் படுத்தால் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது? கையில் பணம் கொடுத்தால் எங்கே போகும் என்று தெரியும். கொடுக்காவிட்டால் மருந்துக்கு என்ன செய்வார்? வயிறு வீங்கிக் கிடக்கிறவரிடம் பழைய கணக்கைக் கேட்பதா, விட்டுவிடுவதா? இந்தக் கேள்விகளோடு உங்களில் ஒருவரிடம் போனபோது, "நீங்கள் எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள், அது உங்கள் வகையினரின் இயல்பு" என்று பதில் வந்தது. நான் போட்டுக்கொள்ளாவிட்டால் வேறு யார் என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டிக் குறிப்பெழுதிக்கொண்டார். எனக்கு அன்று வேண்டியிருந்தது, கல்லீரல் நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசிப் பழகிய ஒரு செவிலியரின் பத்து நிமிடம்.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பல ஆண்டுகளாக "குடிநோயாளியின் வளர்ந்த பிள்ளை" என்ற பெயரைச் சொல்லி எழுந்து நின்று, அதனாலேயே நிமிர்ந்து நடக்கிறவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அதை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர் முதல் நாளே அந்தப் பெயரோடு தன்னை அறிமுகம் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தளர்த்துங்கள். பின்வரிசையில் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போக விடுங்கள். சில காலம் கழித்து அந்தப் பெயர் தேவைப்படவில்லை என்று ஒருவர் விலகிக்கொண்டால், பழைய நிலைக்கு வழுக்கிவிட்டார் என்று பேசாதீர்கள்.

கடைசியாக, தாளில் இருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது. எங்களைப் போன்றவர்களுக்குக் குடிநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். குணங்களைப் போல ஊகத்தில் சொல்லப்படுவதல்ல இது, அளந்து பார்த்தது. 1973இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை ஆராய்ந்த டொனால்ட் குட்வின், குடிநோயாளிகளின் மகன்கள் பிறந்த வீட்டைவிட்டு வேறு வீட்டில் வளர்ந்தாலும், மற்ற தத்துப்பிள்ளைகளைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு குடிநோய்க்கு ஆளானதைக் கண்டார். இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இந்த நோய் யாருக்கு வருகிறது என்பதில் ஏறக்குறையப் பாதி மரபணுவின் பங்கு. அதேநேரம் எங்களில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லப்பட வேண்டியவை.

மார்க் ஷுகிட் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டது இன்னும் கைக்கு உதவுவது. குடிநோயாளிகளின் மகன்களை இருபது வயதையொட்டிச் சோதித்து, சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி பார்த்தார். குடித்தும் அதிகமாக ஏறாதவர்களே, அதாவது மற்றவர்களைத் தள்ளாட வைக்கும் அளவுக்கும் அசையாமல் நின்றவர்களே, பிற்காலத்தில் கூடுதலாகக் குடிநோய்க்கு ஆளானார்கள். இளைஞர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் இது. "எனக்கெல்லாம் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாது." எங்கள் அப்பாவும் இளவயதில் இதைச் சொல்லிச் சிரிப்பார் என்று அம்மா சொல்வார். அது அபாயமணி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. பிறர் மெச்ச ஏங்குகிறோம் என்று மட்டும் விளக்கமாகச் சொன்னீர்கள்.

அண்ணனின் மகன் இந்த ஆண்டு கல்லூரி விடுதிக்குப் போகிறான். அவன் தாத்தாவைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தெரியும். அண்ணனுக்கு அதைப் பற்றி அவனோடு பேச வரவில்லை. அவனுக்குக் கொடுக்க உங்கள் அலமாரிகளில் தேடினேன். கிடைத்ததெல்லாம் அவன் எப்படிப்பட்டவன் என்று அவனுக்கே சொல்லுகிற தாள்கள். அபாயம் எவ்வளவு, ஏறாமல் இருந்தால் அதற்கு என்ன பொருள், எந்த அளவைத் தாண்டினால் யாரிடம் பேசலாம், தாத்தாவைப் பற்றி அப்பாவிடம் எப்படிக் கேட்கலாம் என்று இருபது வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். விடுதி திறப்பதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அறைகளில் பலமுறை உட்கார்ந்து எழுந்த ஒருத்தி